96 வயதில் முறிந்த இடுப்பு எலும்பு... படுக்கையிலேயே பயிற்சியைத் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார்! நாள்பட்ட முதுகுவலிக்கு இவர் வாழ்க்கையில் என்ன இருக்கிறது?

காலையில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பைக். அங்கே எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலி. திரும்பவும் பைக். இல்லையென்றால், சிதம்பரத்தில் அம்மா வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பெங்களூரு கம்பெனிக்கு வேலை. பண்ருட்டிப் பக்கம் போனால், தரையில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க முந்திரி உடைக்கும் பெண்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஒன்று: இடுப்பு வலி.

இடுப்பு வலி என்று நாம் சொல்வது பெரும்பாலும் கீழ்முதுகு வலிதான். வந்த வேகத்தில் போய்விட்டால் பிரச்சினை இல்லை. மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அதற்குள் வீட்டில் சட்டதிட்டங்கள் வந்துவிடும். குனியாதே, தூக்காதே, கீழே உட்காராதே, பெல்ட் இல்லாமல் வெளியே போகாதே. கடைசியில் வலி அப்படியே இருக்கும், வாழ்க்கை மட்டும் சுருங்கிப் போயிருக்கும்.

இன்றைய மறுவாழ்வு மருத்துவம் இதற்கு நேர் எதிரான பாதையைக் காட்டுகிறது. முதலில் வலி போகட்டும், பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், இப்போது முடிகிற அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அன்றாட வேலைகளுக்குத் திரும்புவது. இதைத்தான் ஃபங்ஷனல் ரிஹேபிலிடேஷன் என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே, கிட்டத்தட்ட அதே வழிக்கு வந்து சேர்ந்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். இன்று உலகம் முழுக்க கற்றுத்தரப்படும் யோகாவின் பெரும்பகுதி இவருடைய மாணவர்கள் வழியாகப் பரவியதுதான். ஆனால் அவர் இந்த வழிக்கு நேராக வந்துவிடவில்லை. நடுவில் ஒரு மாணவனின் தொடைத் தசை கிழிந்த கதையும் இருக்கிறது.

காட்டுமன்னார்கோயில் கனெக்‌ஷன்

கிருஷ்ணமாச்சாரியார் பிறந்தது தமிழ்நாட்டில் இல்லை. 1888 நவம்பர் 18, அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் சித்ரதுர்கா பகுதியில் இருக்கும் முச்சுகுந்தபுரம் என்ற ஊர். அப்பா ஸ்ரீனிவாச தாத்தாச்சாரியார்தான் முதல் ஆசிரியர். மகனுக்குப் பத்து வயது இருக்கும்போதே அவர் இறந்துவிட, குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது.

சரி, கடலூர் மாவட்டத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் குடும்பம் தங்கள் வம்சத்தை நாதமுனிகள் வரை கொண்டுபோகும். சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் காட்டுமன்னார்கோயில்தான் நாதமுனிகளின் ஊர். பழைய பெயர் வீரநாராயணபுரம். சென்னைக்குக் குடிதண்ணீர் அனுப்பும் வீராணம் ஏரிக்கும் அந்தப் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது. ஆழ்வார் பாசுரங்களில் பத்தே பத்து காதில் விழ, மிச்சத்தைத் தேடி ஆழ்வார்திருநகரி வரை போய், நாலாயிரத்தையும் தொகுத்துக் கொண்டுவந்தவர் நாதமுனிகள் என்பது வைணவ மரபு. அவர் பெரிய யோகி என்றும், யோக ரகசியம் என்ற நூலை எழுதினார், அது தொலைந்துபோய்விட்டது என்றும் அதே மரபு சொல்லும்.

16 வயதில் கிருஷ்ணமாச்சாரியாரும் ஆழ்வார்திருநகரிக்குப் போனார். தாமிரபரணிக் கரையில் ஒரு மாந்தோப்பில் மயங்கி விழுந்ததாகவும், அந்த மயக்கத்தில் நாதமுனிகளே யோக ரகசியத்தைச் சொல்லக் கேட்டதாகவும் பிற்காலத்தில் சொன்னார். அந்த நூல் அச்சிலும் வந்திருக்கிறது. அதில் கிருஷ்ணமாச்சாரியாரின் சொந்தக் கையெழுத்தே அதிகம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நம்புவது அவரவர் விருப்பம். நமக்கு முக்கியமானது அதன் உள்ளடக்கம். குழந்தைக்கு ஒரு பயிற்சி, குடும்பஸ்தருக்கு வேறு, கர்ப்பிணிக்கு வேறு, வயதானவருக்கு வேறு, நோயாளிக்கு வேறு. எல்லோருக்கும் ஒரே பட்டியல் கிடையாது என்பதுதான் அதன் அடிநாதம்.

யோக சூத்திரத்தை எழுதிய பதஞ்சலியை சிதம்பரம் நடராஜர் கோயிலோடு சேர்த்துச் சொல்வது நம்மூர் ஐதிகம். பதஞ்சலியும் வியாக்ரபாதரும் அங்கே நடனத்தைத் தரிசித்தார்கள் என்பார்கள். கிருஷ்ணமாச்சாரியார் வாழ்நாள் முழுக்கப் பாடம் சொன்னது அந்தச் சூத்திரத்தைத்தான். ஆக, அவர் தன் ஆசான்களாக வைத்திருந்த இரண்டு பேரையும் தேடிப் போனால் இந்த மாவட்டத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

எஸ்டேட் வேலை, அரண்மனை அழைப்பு

காசி, மிதிலை என்று வடக்கே பல வருடம் சாஸ்திரப் படிப்பு. கூடவே ஆயுர்வேதமும். பிறகு கயிலாயப் பகுதியில் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை வருடம் யோகம் படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன வருடக் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று வரலாற்றாய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

எவ்வளவு படித்திருந்தாலும் வேலை? 1925-ல் நாமகிரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். யோகா சொல்லிக்கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாத காலம் அது. ஹாசன் மாவட்டத்தில் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனார். இத்தனை சாஸ்திரம் படித்தவர் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக எஸ்டேட்டில் நின்றார். உடுத்த மாற்றுத் துணி இல்லாமல் மனைவியின் புடவையைக் கிழித்துக் கட்டிக்கொண்ட நாட்களும் இருந்தன என்று குடும்பத்தார் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆட்களைக் கூட்ட அவர் செய்த வித்தைகளும் கொஞ்சநஞ்சமல்ல. ஓடும் காரைக் கையால் நிறுத்துவது, கனமான பொருளைப் பல்லால் தூக்குவது, மணிக்கட்டில் நாடித் துடிப்பை மறைய வைப்பது. 1935-ல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கருவியோடு வந்து இவரைச் சோதித்தார். இதயத்தையே நிறுத்துகிறார் என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. 1961-ல் வெளியான இன்னொரு ஆய்வு இப்படிப்பட்ட யோகிகளை ஈ.சி.ஜி. வைத்துப் பார்த்தது. மூச்சை அடக்கி நெஞ்சை இறுக்கும்போது நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகிறது, இதயம் நிற்பதில்லை என்று அந்த ஆய்வு முடிவு சொன்னது. வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றும் கதை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

1930-களின் தொடக்கத்தில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் கவனம் இவர் மேல் விழுந்தது. 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறக்கப்பட்டது. அடுத்த வருடமே 'யோக மகரந்தம்' கன்னடத்தில் அச்சாகி, 1938-ல் தமிழிலும் வந்தது. சாலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அரச குலத்துச் சிறுவர்கள். ரப்பர் மாதிரி வளையும் வயது. அவர்களுக்கு வேகமான, அடுத்தடுத்து ஓடும் ஆசன வரிசைகளைச் சொல்லிக்கொடுத்தார். ஊர் ஊராகச் செயல்விளக்கமும் நடந்தது. 1938-ல் எடுத்த ஊமைப்படம் யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். 50 வயது மனிதரின் உடம்பு அது என்று நம்பவே முடியாது.

கிழிந்த தசை

அந்தப் படத்தில் வரும் இளைஞர் ஒருவர், நாமகிரியம்மாளின் தம்பி. பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ ஐயங்கார். பின்னாளில் உலகமே அறிந்த பி.கே.எஸ். ஐயங்கார் இவர்தான். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்துப் படுத்து எழுந்த நோஞ்சான் பையனாக, 1934-ல் அக்கா வீட்டுக்கு வந்தவர்.

ஒருநாள் விருந்தினர் முன்னால் அனுமனாசனம் செய்யச் சொன்னார் மாமா. கால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே, தரையோடு தரையாக நீட்ட வேண்டிய ஆசனம். ஐயங்காருக்கு அதில் பழக்கமே இல்லை. கால்சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் பார்த்தார். கத்தரிக்கோலால் கால்சட்டையை வெட்டச் சொல்லிவிட்டார் குரு. செய்தார். பின்தொடைத் தசை கிழிந்தது. நெடுநாள் சரியாக நடக்கவே முடியவில்லை என்று ஐயங்கார் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

இதை எழுதாமல் கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாக இருக்காது. பயிற்சிதான் மருந்து என்றால், ஆளுக்குப் பொருந்தாத பயிற்சி காயமாகவும் ஆகும். இன்று ரீல்ஸ் பார்த்துவிட்டு, உடம்பு சூடாகும் முன்பே முதுகை வில்லாக வளைத்து, மறுநாள் எலும்பு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களை எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

62 வயதில் மறுபடி முதலிலிருந்து

1940-ல் மகாராஜா இறந்தார். ஆதரவு குறைந்துகொண்டே வந்து, 1950-ல் யோகசாலைக்குப் பூட்டு. வயது 62. அரண்மனையும் இல்லை, மாணவர் கூட்டமும் இல்லை. பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1952 வாக்கில் சென்னைக்கு வந்தார். கூப்பிட்டவர் ஒரு பிரபல சட்ட நிபுணர். பக்கவாதம் வந்து உடம்பு சரியாக இயங்காமல் இருந்தவர். தனக்கு உதவ முடியுமா என்று கேட்டுத்தான் அழைத்தார்.

இங்கேதான் ஆளே மாறுகிறார் என்பது என் கணிப்பு. மைசூரில் அவர் முன்னால் நின்றது பன்னிரண்டு வயது அரண்மனைப் பையன்கள். சென்னையில் வந்தவர்களோ பக்கவாதக்காரர், ஆஸ்துமாக்காரர், சர்க்கரை நோயாளி, பிள்ளை பெற்ற பெண், தூக்கம் வராத வெளிநாட்டுக்காரர், நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போன அலுவலக ஊழியர். இவர்களிடம் போய் அனுமனாசனம் செய் என்று சொல்ல முடியுமா?

ஆகவே ஒவ்வொருவராகத் தனியே பார்த்தார். முதலில் நாடி பிடிப்பார். மூச்சு எப்படிப் போகிறது என்று கவனிப்பார். என்ன வேலை, என்ன சாப்பாடு, எப்போது தூக்கம் என்று விசாரிப்பார். அதற்கப்புறம்தான் அந்த ஒருவருக்கென்று சின்னதாக ஒரு பயிற்சித் திட்டம். சில நாள் கழித்து மறுபடி பார்த்து மாற்றுவார். முதுகு விறைத்தவர் முன்னே குனிய வேண்டுமென்றால் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி. ஆசனத்தில் போய் அப்படியே நிற்பதற்கு முன், மூச்சோடு சேர்த்து மெதுவாகப் பலமுறை போய்ப் போய் வருவது. ஆசனத்துக்காக மனிதரை வளைத்தவர், மனிதருக்காக ஆசனத்தை வளைக்கத் தொடங்கினார்.

மகன் தேசிகாச்சார் இன்ஜினியரிங் படித்தவர். அப்பாவின் தொழில் மேல் பெரிய ஆர்வம் இல்லாமல் இருந்தவர். பல காலமாகத் தூக்கம் வராமல் தவித்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, குணமான சந்தோஷத்தில் தெருவிலேயே அப்பாவை ஓடிவந்து கட்டிப்பிடித்ததைப் பார்த்து ஆடிப்போனார். 1961-ல் அப்பாவிடமே மாணவராகச் சேர்ந்தார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்கேற்ற இந்த முறை பின்னாளில் வினியோகா என்ற பெயரில் பரவியது.

அறிவியல் என்ன சொல்கிறது?

இப்போது முதுகுக்கு வருவோம். உலக அளவில் 2020-ல் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050-ல் இது 84.3 கோடியாகும் என்பது கணிப்பு. இவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேனில் காட்டி, இதுதான் காரணம் என்று விரல் வைக்கிற மாதிரி எதுவும் இருக்காது.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் டிஸ்க் வீங்கியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று ரிப்போர்ட்டில் வருகிறதே? வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் முதுகுவலி கிடையாது. நரை மாதிரி இதுவும் வயதோடு வருவதுதான் பெரும்பாலும். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் பயந்து படுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

படுத்தால் என்ன ஆகும்? முதுகையும் வயிற்றையும் தாங்கும் தசைகள் பலமிழக்கும். பலமிழந்த முதுகுக்கு ஒரு தண்ணீர்க் குடமே பெரிய சுமை. தூக்கினால் வலிக்கும், வலித்தால் பயம் வரும், பயந்தால் இன்னும் குறைவாக அசைவோம். நாளடைவில் நரம்பு மண்டலமே அதிக உஷாராகி, சின்ன அசைவுக்கும் பெரிய எச்சரிக்கை மணி அடிக்கும். வலி நிஜம்தான், கற்பனை இல்லை. ஆனால் வலிக்கிற அளவுக்கு உள்ளே சேதம் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

1980-களில் அமெரிக்காவின் டல்லாஸில் டாம் மேயர் என்ற எலும்பு மருத்துவர் இந்தச் சுழலை உடைக்க ஒரு வழி பார்த்தார். முதுகுவலியால் வேலையை விட்டவர்களைச் சேர்த்து, எவ்வளவு வலிக்கிறது என்பதோடு நிற்காமல், எவ்வளவு குனிய முடிகிறது, எவ்வளவு தூக்க முடிகிறது என்று அளந்தார். பிசியோதெரபிஸ்ட், தொழில்வழி சிகிச்சையாளர், உளவியலாளர் எல்லோரும் ஒரே குழுவாகச் சேர்ந்து படிப்படியாகச் சுமையை ஏற்றினார்கள். வேலைக்குத் திரும்புவதுதான் இலக்கு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் இருக்கிறது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனநல ஆதரவு ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை போன்றவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. பெல்ட் விஷயம் நம் வீடுகளில் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

கிருஷ்ணமாச்சாரியார் வழி நேரடியாகச் சோதிக்கப்பட்டிருக்கிறதா? ஆமாம். தேசிகாச்சாரிடம் சென்னையில் படித்த கேரி கிராஃப்ட்சோ என்ற அமெரிக்கர் வடிவமைத்த வினியோகா பயிற்சியை வைத்து, கேரன் ஷெர்மன் தலைமையிலான குழு வாஷிங்டன் மாநிலத்தில் ஆய்வு நடத்தியது. 2005-ல் முடிவு வந்தது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 101 பேர், மூன்று குழுக்கள், 12 வாரம். யோகா குழுவினரின் அன்றாடச் செயல்பாடு, கையேடு மட்டும் கொடுக்கப்பட்டவர்களையும் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனவர்களையும்விட அதிகமாக மேம்பட்டது.

இங்கேயே நிறுத்தினால் நல்ல தலைப்பு கிடைக்கும். ஆனால் அதே குழு 2011-ல் 228 பேரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தது. இந்த முறை யோகா கையேட்டை வென்றது, ஆனால் தசைகளை நீட்டும் சாதாரண ஸ்ட்ரெச்சிங் வகுப்பை வெல்லவில்லை. இரண்டும் சமம். 2017-ல் பாஸ்டனில் 320 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் யோகா பிசியோதெரபிக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. மேம்பாடும் எல்லோருக்கும் பெரிய அளவில் இல்லை, மிதமானதுதான். சிலருக்கு யோகாவால் வலி கூடியதும் பதிவாகியிருக்கிறது.

யோகா ஆர்வலர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு நல்ல செய்தியாகத்தான் படுகிறது. யோகாவோ, பிசியோவோ, தினசரி நடையோ, உங்களால் விடாமல் செய்ய முடிகிற ஒன்று போதும். காசு கட்டிப் பெரிய ஸ்டூடியோவில் சேர வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

இந்த மரபில் முதுகுவலிக்காரருக்கு முதல் நாள் கொடுப்பது பார்க்கச் சப்பென்று இருக்கும். மல்லாந்து படுத்து, மூச்சை விட்டபடி முழங்கால்களை மார்பை நோக்கிக் கொண்டுவருவது, மூச்சை இழுத்தபடி விலக்குவது. அதுதான் அபானாசனம். பாதங்களைத் தரையில் ஊன்றி இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்கினால் துவிபாத பீடம். கையும் முழங்காலும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை அசைப்பது இன்னொன்று. ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை. மூச்சு திணறினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், நிறுத்திக்கொள்ளலாம். மூச்சையே அளவுகோலாக வைப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஸ்மார்ட்வாட்ச் தேவையில்லை.

இலக்கை மட்டும் நீங்களே வையுங்கள். அதை வலி குறைய வேண்டும் என்று பொதுவாக வைக்காமல், உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுங்கள். சிதம்பரம் கோயில் நான்கு வீதியையும் உட்காராமல் சுற்றி வருவது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு கை ஊன்றாமல் எழுவது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது. இன்று ஐந்து நிமிடம் நடக்க முடிந்தால் ஐந்தே நிமிடம், அடுத்த வாரம் ஆறு. வலி குறைவாக இருக்கும் நாளில் மூன்று நாள் வேலையை ஒரேயடியாகச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கொள்கிறோமே, அதுதான் பலரையும் கவிழ்க்கிறது. நல்ல நாளிலும் அதே அளவு, மோசமான நாளிலும் முடிந்தவரை அதே அளவு. பயிற்சிக்குப் பிறகு கொஞ்சம் வலி கூடி, ஓரிரு நாளில் அடங்கினால் பயப்பட வேண்டாம்.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் யோகா, பிசியோ எதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனைதான். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலமிழந்துகொண்டே போவது, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்தபின் வந்த கடும் வலி, ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இப்போது அரசு மருத்துவக் கல்லூரி. வெளியே போக முடியாத நிலையில் வீட்டில் யாராவது இருந்தால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் வசதி உண்டு. இந்தத் திட்டத்தை பி.பி., சுகர் மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசிப் பயிற்சி

கிருஷ்ணமாச்சாரியாருக்கு 96 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார். இதை யாரும் பின்பற்ற வேண்டாம். முதியவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் கூடிய சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்து எழுந்து நடக்க வைப்பதுதான் இன்றைய மருத்துவம்.

அதற்கப்புறம் அவர் செய்தது வேறு. அறுபது வருடமாக அடுத்தவருக்கு எப்படித் திட்டம் போட்டாரோ, அப்படியே தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டார். மைசூர்ப் படத்தில் பார்த்த தலைகீழ் நிலைகள் எதுவும் அதில் இல்லை. படுக்கையில் படுத்தபடியே அந்த உடம்பால் அன்றைக்கு என்ன முடியுமோ அது மட்டும். மூச்சுப் பயிற்சியும் வேத பாராயணமும் கூடவே. மாணவர்களுக்குப் பாடம் சொல்வதையும் நிறுத்தவில்லை. 1988-ல் நூறு வயது நிறைந்தது. 1989 பிப்ரவரி 28 அன்று சென்னையில் காலமானார்.